அடுப்புக்கு ஆவரேஜ் தெரியாதுடா தம்பி

வேலைக்கெல்லாம் போவப் போறதில்லையாமே நீ? போக்கர் ஆடியே குடும்பம் நடத்தப் போறியாமே? காரைக்கால் தலத்தெரு முழுக்க இதே பேச்சாக் கெடக்குது. ஒங்க அம்மா முந்தானையால மூக்கத் தொடைச்சிக்கிட்டே வந்து சொன்னா. நான் சிரிக்கல. கெழவன் சிரிச்சா ஒனக்குக் கோவம் வரும். உள்ளுக்குள்ளதான் சிரிச்சேன்.

சரி, உக்காரு. சூதாட்டம், பாவம்னு சொல்லி ஒன்ன வெரட்டப் போறதில்ல. அதச் சொல்ல ஊருல ஆயிரம் பேரு இருக்கான். வள்ளுவரு ஒரு அதிகாரமே எழுதி வச்சிட்டுப் போயிட்டாரு. பத்துக் குறளையும் நீ பரிச்சைக்கு மனப்பாடம் பண்ணி மார்க்கும் வாங்கிட்ட. அப்புறமும் ஆடற. அதனால புத்திமதிய விட்டுட்டு கணக்கப் பேசுவோம். போன நீட்டி படம் போட்டுக் காட்டுனியே, வின் ரேட்டு, வேரியன்ஸ்னு? கெழவனுக்கு என்னா வெளங்கும்னு நெனச்சிருப்ப. நெல்லு மண்டியில கணக்கு எழுதுன கை இது தம்பி. எந்த பாஷையில சொன்னாலும் கூட்டல் கழித்தல் மாறவா போவுது?

வின் ரேட்டுன்னா என்னா? நூறு கை ஆடுனா சராசரியா எவ்வளவு மிஞ்சும்ங்கறது. அத பிக் பிளைண்டுல அளக்கறீங்க. சீட்டப் பாக்கறதுக்கு முன்னாடியே ஒருத்தன் கட்டாயமா வைக்கற பெரிய பந்தயம் அது. ஒன் மேசையில 10 ரூபான்னு சொன்ன. நூறு கைக்கு 5 பிக் பிளைண்டு ஒனக்கு மிஞ்சுதுன்னும் சொன்ன. அப்ப 50 ரூபா. நல்ல ஆட்டக்காரனுக்கு அது கெடைக்கக் கூடியதுதான். ஒத்துக்கறேன்.

வேரியன்ஸ்ன்னா என்னா? அந்த 50 ரூபா ஒழுங்கா வராது, ஏறி எறங்கி வரும்ங்கறது. எவ்வளவு ஏறும், எவ்வளவு எறங்கும்? ஆறு பேரு ஒக்காந்து ஆடற நோ-லிமிட் ஹோல்டம்ங்கற போக்கர்ல நூறு கைக்கு 80லேர்ந்து 100 பிக் பிளைண்டு வரைக்கும் இப்படியும் அப்படியும் ஆட்டும்னு ஆடறவங்களே சொல்றாங்க. நடுவுல 90ன்னு வச்சுக்க. ரூபாயில ஊசலாட்டம் 900. பாத்துக்க தம்பி. கெடைக்கறது அம்பது, ஆட்டறது தொள்ளாயிரம். இதுக்கு நீ வச்சிருக்கற பேரு வருமானம்.

ஒன் கையில ஏஸ் ஜோடி. எதிராளிகிட்ட கிங் ஜோடி. மேசையில ஒரு சீட்டு விழறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் இருக்கறத எல்லாம் நடுவுல தள்ளிட்டீங்க. இதைவிட நல்ல கை ஒனக்கு வருமா? வராது. அப்பயும் நூத்துல ஏறக்கொறைய 18 தடவ அவன் வாரிக்கிட்டுப் போவான். நீ ஒரு தப்பும் பண்ணியிருக்க மாட்ட. ஒங்க அம்மா கேப்பா, "ஏண்டா தோத்த?" நீ என்னா சொல்லுவ? "சரியாத்தாம்மா ஆடுனேன்." அந்த பதில வச்சிக்கிட்டு மளிகைக்கடையில அரைக் கிலோ பருப்பு வாங்கிட்டு வா, பாக்கறேன்.

ஆனா ஒன் தடபுடலு இருக்கே, அதப் பாக்கத்தான் கண்ணு கூசுது. காதுல பெரிய ஹெட்போனு. ராத்திரியில கருப்புக் கண்ணாடி. யாருடா பாக்கறா ஒன்ன, வீட்டுக்குள்ள? ரெண்டு ஸ்கிரீனு. குனிஞ்சு நிமிந்து ஒரு வேலையும் பாக்காத முதுகுக்கு ஒரு சாய்வு நாற்காலி. ஆட்டத்த அலசறதுக்கு ஒரு சாஃப்ட்வேரு, அதுக்கு மாசச் சந்தா. மனச அடக்கக் கத்துக்குடுக்க ஒரு கோச்சு, அவருக்கு மணிக்கணக்குல ஃபீஸு. வீட்டுக்கு வெளியில நம்ம பசங்க மூணு சீட்டு ஆடுனா அது காலித்தனம். நீ உள்ள ஏசி போட்டுக்கிட்டு ஆடுனா அது "எட்ஜு", "மைண்ட்செட்டு", "கிரைண்டு". ஏண்டா, அந்தக் கோச்சு ஆட்டத்துல அவ்வளவு சம்பாதிச்சா ஒன் ஃபீஸுக்கு ஏன் காத்துக்கிட்டு நிக்கறாரு? அவரு வேரியன்ஸ் இல்லாத வருமானம் எதுன்னு கண்டுபுடிச்சிட்டாரு தம்பி. அது நீதான்.

"தாத்தா, நான் பத்தாயிரம் கை ஆடியிருக்கேன், லாபத்துல இருக்கேன்"னு சொன்ன. எம் பேத்தி கம்ப்யூட்டர் படிக்கறா. அவகிட்ட ஒன் கணக்கக் குடுத்துப் போட்டுப்பாக்கச் சொன்னேன். நெசமாவே நூறு கைக்கு 5 பிக் பிளைண்டு தேத்தற கெட்டிக்காரன் பத்தாயிரம் கை ஆடுனா 5,000 ரூபா வரணும். வரவு அளவுக்கு ஊசலாட்டம் வேகமா ஏறாது, 9,000தான். அதனால அப்படிப்பட்ட கெட்டிக்காரங்க பத்து பேருல ஏறக்கொறைய மூணு பேரு நஷ்டத்துல நிப்பாங்க. ஒரு லட்சம் கை ஆடுனப்புறமும் நூத்துக்கு நாலு பேரு நஷ்டந்தான்.

இப்ப திருப்பிப் பாரு. லாபமும் இல்லாத நஷ்டமும் இல்லாத ஒரு சாதா ஆளு, அதே பத்தாயிரம் கையில 9,000க்கு மேல கெலிக்க ஆறுல ஒரு வாய்ப்பு இருக்கு. நீ அந்தக் கெட்டிக்காரனா, இந்தச் சாதா ஆளா? படத்தப் பாத்து எவனாலயும் சொல்ல முடியாது. ஒன்னாலயும் முடியாது. காரைக்கால் அம்மையார் மாங்கனித் திருவிழாவுல மாடியிலேர்ந்து வீசற மாம்பழத்துல ரெண்டு ஒன் கையில விழுந்துச்சுன்னா, அடுத்த நாளு பாரதியார் வீதியில பழக்கடை போட்டுருவியா?

இதுக்கு நீ கோர்ட்டக் கொண்டாந்து நிறுத்துன. 1967லயே உச்ச நீதிமன்றம் ரம்மி மூணு சீட்டு மாதிரி இல்ல, விழற சீட்ட ஞாபகம் வச்சி ஆடற திறமை ஆட்டம்னு சொல்லிடுச்சுன்ன. 2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியோட போக்கரையும் சேத்து திறமை ஆட்டம்னுச்சுன்ன. ரெண்டும் நெசம். மறுக்கல. ஆனா ஒண்ணு கேக்கறேன். கோர்ட்டு ஆட்டத்தத்தான் திறமைன்னுச்சு. ஒன்னத் திறமைசாலின்னு சொல்லுச்சா? தீர்ப்ப நல்லாப் படிச்சுப் பாரு, எங்கயாவது ஒன் பேரு இருக்கான்னு.

அப்புறம் அந்த அமெரிக்காக்காரன் கதை. 2003ல உலகப் போட்டியில ஒரு கணக்குப்புள்ள ஜெயிச்சானாமே, 25 லட்சம் டாலரு. மணிமேக்கர்னு பேரு. பேரப் பாத்தே நீ மயங்கிட்ட. அந்தப் போட்டியில மொத்தம் 839 பேரு ஆடுனாங்கன்னு நீயேதான் சொன்ன. பாக்கி 838 பேருல ஒருத்தன் பேரச் சொல்லு.

சரி. நீ கெட்டிக்காரன்தான்னு வச்சுக்குவோம். தாத்தா தோத்துட்டேன். இப்ப அடுப்புக்கு வருவோம்.

நாலு மேசைய ஒரே நேரத்துல தொறந்து வச்சி, மணிக்கு 300 கை. ஒரு நாளைக்கி எட்டு மணி நேரம், மாசம் 25 நாளு. 60,000 கை. வரவேண்டியது 30,000 ரூபா. பரவால்லையேன்னு தோணுதில்ல? இரு. அந்த மாசத்து ஊசலாட்டம் எவ்வளவு தெரியுமா? 22,000 ரூபா. வீட்டுக்கு மாசம் 20,000 வேணும்னு வச்சா, மூணு மாசத்துல ஒரு மாசம் அது தேறாது. ஆறு மாசத்துல ஒரு மாசம் 8,000கூட தேறாது. பன்னெண்டு மாசத்துல ஒரு மாசம் கைக்காசு போவும். இது நீ நல்லா ஆடுனா. ஒன் திறமை நீ நெனச்சதுல பாதிதான்னு வச்சுக்க, நூறு கைக்கு ரெண்டரை பிக் பிளைண்டு. அப்ப நாலு மாசத்துல ஒரு மாசம் நஷ்டம்.

ஆவரேஜு பாத்தா எல்லாம் சரியாத்தான் இருக்கும். ஆனா அடுப்புக்கு ஆவரேஜ் தெரியாதுடா தம்பி. அரிசி இன்னிக்கு வேணும்ங்கும். கரண்டு பில்லு ஒன் ஒரு லட்சம் கை முடியற வரைக்கும் காத்திருக்குமா? அம்மாவுக்கு ஜொரம் வந்தா டாக்டர்கிட்ட "லாங் ரன்ல குடுத்துர்றேன்"னு சொல்லுவியா?

இனிமேதான் விஷயமே. இத ஒன் கோச்சு சொல்லியிருக்க மாட்டாரு.

ஆட்டத்துக்குன்னு நீ தனியா எடுத்து வச்சிருக்கற முதலு 20,000 ரூபா. அத பேங்க்ரோலுங்கற. அது மொத்தமா காலியாவற வாய்ப்பு எவ்வளவு? அதுக்கும் கணக்கு இருக்கு. கெலிக்கற வேகத்தையும் முதலையும் பெருக்கி, ஊசலாட்டத்தோட வர்க்கத்தால வகுத்து, அந்த விடையிலேர்ந்து கண்டுபுடிக்கறது. பேத்தி போட்டுக் காட்டுனா. நூறு கைக்கு 5 பிக் பிளைண்டு, ஊசலாட்டம் 90, ஒரு காசு வெளியில எடுக்காம ஆடுனா, காலியாவற வாய்ப்பு நூத்துக்கு எட்டு ஒம்பது. நீ இதத்தான் எங்கிட்ட பெருமையாக் காட்டுன.

நான் பேத்திகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இவன் சாப்புட மாட்டானா?"

அவ சிரிச்சிட்டா. திரும்பப் போட்டா. மாசம் 30,000 வருது, 20,000 வீட்டுக்குப் போவுது. முதல்ல போய் சேர்றது 10,000 மட்டும். அப்ப ஆட்டத்துக்கு ஒன் வேகம் நூறு கைக்கு 5 இல்ல. ஒண்ணேமுக்காலுக்கும் கொஞ்சம் கீழ. ஊசலாட்டம் மட்டும் அதே 90. நீ சாப்புடறன்னு அது கொறைஞ்சுக்குமா? இப்ப முதல் காலியாவற வாய்ப்பு நூத்துக்கு 44. எட்டு எங்க, நாப்பத்திநாலு எங்க? சீட்டு மாறல, திறமை மாறல. நீ சோறு தின்ன, அவ்வளவுதான்.

வர்ற 30,000த்தையும் முழுசா வீட்டுக்குக் குடுத்தா? அப்ப வாய்ப்புன்ற பேச்சே இல்ல. காலியாவறது நிச்சயம். எந்த மாசம்ங்கறது மட்டுந்தான் பாக்கி.

அதனாலதான் சொல்றேன், பொழுதுபோக்கா ஆடறவனும் பொழைப்புக்கு ஆடறவனும் ஒரே ஆட்டம் ஆடல. ஒரே மேசையில ஒக்காந்திருந்தாலும் சரி. சம்பளக்காரன் தோத்தா ஒண்ணாந்தேதி மறுபடி வருவான். நீ தோத்தா ஒனக்கு ஒண்ணாந்தேதி எங்க?

"அப்ப என்னாதான் தாத்தா பண்றது? வின் ரேட்டக் கூட்டறதா, வேரியன்ஸக் கொறைக்கறதா?" ஹாங். இப்பத்தான் மண்டையில சரியான கேள்வி மொளச்சிருக்கு.

ரெண்டுக்கும் வெல இருக்கு. ஒவ்வொரு சில்லற லாபத்துக்கும் பாஞ்சி பாஞ்சி, பிளஃப் அடிச்சி, பாதி கையிலயே ஆல்-இன் தள்ளி ஆடுனா வரவு கொஞ்சம் கூடலாம். ஊசலாட்டம் அதவிட வேகமாக் கூடும். சந்தேகமான கையத் தூக்கிப் போட்டுட்டு அடக்கமா ஆடுனா வரவு கொறையும், மூச்சு வாங்கறதும் கொறையும். ஊசலாட்டம் 90லேர்ந்து 80க்கு எறங்குச்சுன்னா, வரவு 5லேர்ந்து 4க்கு எறங்குனாக்கூட முதலு காலியாவற ஆபத்து ஏறக்கொறைய அதேதான். ஏன்னா ஊசலாட்டம் அந்தக் கணக்குல வர்க்கமாவுது, வரவு ஆவறதில்ல. ஆனா அந்த ஒரு பிக் பிளைண்டு கொறைஞ்சதுல ஒன் மாச வருமானம் 24,000 ஆயிப்போச்சு. 20,000 வீட்டுக்குக் குடுத்தா மிச்சம் 4,000. மறுபடி அதே எடத்துல வந்து நிக்கறோம் பாத்தியா? சாப்புடறவனுக்கு எந்தப் பக்கம் போனாலும் சுவரு.

இதுல வெல இல்லாத வழி ஒண்ணுதான். ஒன்னவிட ஆடத்தெரியாதவன் ஒக்காந்திருக்கற மேசையத் தேடிப் போறது. அதுக்குக் கருப்புக் கண்ணாடி வேணாம், கவுரவத்த விட்டா போதும். ஆனா நீ போவ மாட்ட. பெரிய ஆட்டக்காரனோட ஆடி அவன மடக்குனேன்னு சொல்றதுலதானே ஒனக்குக் கிக்கு?

அந்த ஆடத்தெரியாதவன் யாரு? நெரவியிலயோ கோட்டுச்சேரியிலயோ நாளெல்லாம் வேல பாத்துட்டு வந்து, ராத்திரி போன எடுத்துக்கிட்டு ஒக்காந்த ஒரு பையன். அவன் சம்பளந்தான் ஒன் வின் ரேட்டு. "விவசாயமும் சூதாட்டந்தானே தாத்தா"ன்னு ஒரு தடவ மடக்குன. கடைமடையில தண்ணி வந்தாத்தான் வந்துச்சு, புயலு போனாத்தான் போச்சு, அது சரி. 2018 கஜா புயல்ல நான் பாக்காத நஷ்டமா? ஆனா வயல்ல நெல்லுன்னு ஒண்ணு வெளயும்டா. மேசையில என்னா வெளயுது? ஆறு பேரு பணம் சுத்திச் சுத்தி வரும். ஒவ்வொரு கையிலயும் நடுவுல சேர்ற பணத்துலேர்ந்து கம்பெனிக்காரன் ரேக்குன்னு பொதுவா நூத்துக்கு அஞ்சு வரைக்கும் கிள்ளிக்குவான். ஆறு பேரையும் கூட்டுனா கடைசியில எல்லாருக்கும் சேத்து நஷ்டந்தான். ஊசலாட்டமே இல்லாம ஆடறவன் அந்த மேசையில ஒருத்தன் இருக்கான். அவன் கையில சீட்டே கெடையாது.

அவனுக்கு மேல ஒரு பெரியவரு இருக்காரு, வரித்துறை. ஆட்டத்துல கெலிச்ச காசுக்கு நூத்துக்கு 30. சின்ன காசுன்னு சலுகையும் இல்ல, பொண்டாட்டி புள்ளன்னு கழிவும் இல்ல. அது போவட்டும். மொத வருஷம் 6 லட்சம் கெலிக்கறன்னு வச்சுக்க. அடுத்த வருஷம் 4 லட்சம் தோக்கற. ரெண்டு லட்சம் மிச்சம்னு நீ நெனைப்ப. மொத வருஷத்துக்கு வரி 1,80,000. அதுமேல செஸ்ஸு நூத்துக்கு நாலு, 7,200. ரெண்டாவது வருஷத்து நஷ்டத்த அதுல கழிக்க முடியாது, வர்ற வருஷத்துக்கும் தள்ள முடியாது. கையில மிச்சம் 12,800 ரூபா. ரெண்டு வருஷம் முதுகொடிஞ்சதுக்கு. ஏறும்போது சர்க்காரு பங்காளி. எறங்கும்போது நீ அனாத.

இவ்வளவும் பேசிட்டோம். மேசை இருக்கா மொதல்ல?

தமிழ்நாட்டுக்காரன் 2022ல ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் போட்டான், 2023ல அது அமலுக்கு வந்துச்சு. "அது வாஞ்சூரு செக்போஸ்டோட நின்னுபோவும் தாத்தா, நாம புதுச்சேரி"ன்னு நீ நெஞ்ச நிமித்துன. சரக்கு பாட்டிலுக்குப் பழகுன ஊரு, எல்லைன்னாலே சலுகைன்னு நெனைக்குது. அப்புறம் 2025 ஆகஸ்ட்ல டில்லியிலயே சட்டம் வந்துச்சு. 20ஆம் தேதி மக்களவை, 21ஆம் தேதி மாநிலங்களவை, 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் கையெழுத்து. மூணே நாளு. பணம் வச்சி ஆடற ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது. திறமையா, அதிர்ஷ்டமான்ற பேச்சே கெடையாது. நடத்துறவனுக்கு மூணு வருஷம் வரைக்கும் செயிலு, ஒரு கோடி வரைக்கும் அபராதம். வெளம்பரம் பண்றவனுக்கும் உண்டு. பேங்குக்காரன் பணத்த அனுப்பக் கூடாது. ஆடறவனத் தண்டிக்கல. பாவம், ஏற்கனவே தண்டன அனுபவிச்சிக்கிட்டுதானே இருக்கான்னு விட்டுட்டாங்க போல. நீ ஊசலாட்டத்துக்கெல்லாம் கணக்கு போட்டியே, மூணு நாளுல மேசையே காணாமப் போறதுக்கு எந்தக் கட்டத்துல எடம் விட்டிருந்த?

"வெளிநாட்டு சைட்டு இருக்கு, விபிஎன் போட்டுக்கலாம்"ங்கற. போட்டுக்க. ஜெயிச்ச காசு வரலன்னா எந்த ஸ்டேஷன்ல போயி எழுதிக்குடுப்ப? எழுத்தர் மொதல்ல எத விசாரிப்பாரு?

"கோவாவுக்குப் போறேன்"ங்கற. போ. வேளாங்கண்ணியிலேர்ந்து வாஸ்கோவுக்கு வாராவாரம் ரயிலு இருக்கு. அவங்க ஊரு ஆளுங்க அதுல மாதாவக் கும்பிட இங்க வர்றாங்க. நீ மாண்டவி ஆத்துக் கப்பல்ல சீட்டாட அங்க போ. ஆனா அங்க மனுஷன் கையால சீட்டுப் போடறான். மணிக்கு 30 கைதான். மாசத்துக்கு 6,000 கை. ஒன் திறமை நெசமா பொய்யான்னு கொஞ்சமாச்சும் தெரியறதுக்கு ஒரு லட்சம் கை வேணும்னு பாத்தோம். வீட்டுல ரெண்டு மாசத்துக்குள்ள ஆடற கைய அங்க ஆட கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் ஆவும். ரூம் வாடகையும் மீன் கொழம்பும் அதுவரைக்கும் யாரு பேருல எழுதறது?

அவ்வளவு தூரம் போறதுக்கு முன்னாடி திருநள்ளாறு வரைக்கும் ஒரு மிதி சைக்கிள மிதி. சனிப்பெயர்ச்சிக்கு லட்சம் லட்சமா ஜனம் வந்து நளதீர்த்தத்துல முழுக்குப் போடுது. எல்லாரும் சனியத் தொலைக்க முங்கறான். நளனுக்கு அந்த முழுக்கு ஏன் தேவப்பட்டுச்சுன்னு ஒருத்தனும் யோசிக்கறதில்ல. புட்கரனோட சூதாடி நாட்ட எழந்தவன்டா அவன். கட்டுன துணியும் போயி காட்டுல நின்னவன்.

ஆனா அந்தக் கதையில ஒனக்குப் புடிச்ச எடம் ஒண்ணு இருக்கு. தேரோட்டியா வேஷம் போட்டுக்கிட்டு இருதுபன்னன் ராசாகிட்ட இருந்தப்ப, வழியில ஒரு தான்றி மரம். ராசா நின்னு எண்ணல. பாத்த பார்வையிலயே ரெண்டு கிளையில இவ்வளவு இலை, இவ்வளவு காயின்னு சொல்லிட்டான். நளன் நம்பல. மரத்த வெட்டி எண்ணியே பாத்தான். சரியா இருந்துச்சு. அந்தக் கணக்கு வித்தையத்தான் கேட்டு வாங்கிக்கிட்டான். பதிலுக்குக் குதுர வித்தையக் குடுத்தான். கணக்கு மண்டையில ஏறுனதும் அவனப் புடிச்சிருந்த கலி எறங்கி ஓடிட்டான். பாத்தியா, வேரியன்ஸ் படிச்சவன் ஒன்னோட முன்னோருலயே இருக்கான்.

இப்ப சொல்லு. அந்த வித்தை வந்தப்புறம் நளன் எத்தன கை ஆடுனான்? ஊருக்குத் திரும்பி வந்து புட்கரனோட ஒரே ஆட்டம். ஜெயிச்சான், எந்திரிச்சான். ராச்சியத்தப் பாக்கப் போயிட்டான். மாசம் 60,000 கைன்னு ஒக்காந்தானா? அந்த ஒத்த ஆட்டத்துலயும் எல்லாத்தையும் மொத்தமா வச்சான், அது ராசாவுக்கு. நீ அதப் பாத்துக் கத்துக்காத.

நம்ம ஊரு பெருசுங்க எதத் தேடுனாங்கன்னு பாரு. 1962 ஆகஸ்ட்ல ஊரு சட்டப்படி இந்தியாவோட சேந்துச்சு. பிரெஞ்சுக் குடியுரிமை வேணும்னா ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் குடுன்னாங்க. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த சொல்தாங்களுக்குப் பென்ஷன் பிராங்க்ல வந்துச்சு, பின்னாடி யூரோவுல வந்துச்சு. அவங்க பெரிய மேதாவியா? கெடையாது. ஆனா சொல்தா வூடுன்னா பொண்ணு குடுக்கறவன் வாசல்ல செருப்பக் கழட்டிட்டுத்தான் பேசுவான். ஏன்? மாசம் பொறந்தா பணம் வரும்ங்கற உறுதி. நாளைக்கி ஒனக்குப் பொண்ணு பாக்கப் போவோம். "மாப்ள என்னா பண்றாரு?"ம்பாங்க. "நூறு கைக்கு அஞ்சு பிக் பிளைண்டு"ன்னு நான் சொல்லணுமா? காப்பி வராதுடா தம்பி. சொம்புத் தண்ணியோட அனுப்பிருவாங்க.

ஆடாதன்னு சொல்லல. ஒங்கிட்ட சொன்னா கேக்கவா போற? நாலு விஷயத்த மட்டும் காதுல வாங்கிக்க. மொதல்ல ஒரு வேலயத் தேடிக்க, சோறு அதுலேர்ந்து வரட்டும். ரெண்டாவது, ஆட்டக் காசையும் வூட்டுக் காசையும் ஒரே டப்பாவுல போடாத. ஆட்ட டப்பாவுலேர்ந்து அரிசி வாங்காத, அரிசி டப்பாவுலேர்ந்து ஆடாத. மூணாவது, ஜெயிச்ச நாள படம் போட்டுக் காட்டறியே, தோத்த நாளையும் அதே நோட்டுல எழுது. ஒரு லட்சம் கை வரைக்கும் எழுதிட்டு அப்புறம் வந்து திறமையப் பத்திப் பேசு. நாலாவது, சட்டம் எங்க ஆடலாம்ங்குதோ அங்க மட்டும் ஆடு. எங்கயும் இல்லன்னா நம்ம திண்ணையில ஆடு. நானும் வர்றேன், ரம்மி போடுவோம், காசு கெடையாது, தோத்தவன் டீ வாங்கணும்.

அதுல ஒன் வின் ரேட்டு என்னான்னு எனக்கு இப்பவே தெரியும். சில்லறையோட வா.